நாற்பத்துநாலு கோடு

ஒரு மரத்தை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு அதன் வயதைச் சொல்லக்கூடிய ஆள், மட்டக்களப்பு வாவிக்கு இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் நான் ஒருவன்தான்.

பொய். ஒரு தடவை களுவாஞ்சிக்குடியில் ஒரு வளவில் நின்ற வேம்பைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நாப்பது வயசு. வேணுமெண்டா ஒண்டு கூடும், ஒண்டு குறையும்" என்றேன். அந்த வீட்டுக்காரி வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தாள். "மூத்தவள் பெரிசான கிழமை நான்தான் நட்டனான்" என்றாள். மூத்தவள் பக்கத்தில்தான் நின்றாள், இடுப்பில் கைக்குழந்தையோடு. மரத்துக்குப் பத்து வயதும் இராது. மரத்தைத் தட்டுவதால் எனக்குத் தெரிந்த ஒரே விசயம், முட்டி நோகும் என்பதுதான்.

ஆனாலும் அந்தப் பேச்சை நான் விடவில்லை. விட்டிருந்தால், சண்டைக் காலத்தில் ஒரு நாள் உச்சி வெயிலில், ஒரு ஆமிக் காம்புக்குள்ளே ஒரு தேக்குமரத்தின் அடியில் முழங்காலில் நின்றிருக்க மாட்டேன். என்னை நம்பி வந்த ஒரு படித்த மனிதனும் நின்றிருக்க மாட்டான்.

அந்த நாளில் நான் ஏறாவூர்ப் பக்கம் ஒரு மரக்காலையில் வேலை செய்தேன். மரம் புரட்டுவது, அளப்பது, வாளுக்குக் கொடுப்பது. மூன்றாம் வகுப்பை மூன்று தடவை படித்தவன் நான். அந்த வகுப்பைப் பற்றி என்னைவிடக் கூடத் தெரிந்தவர் எங்கள் ஊரில் இல்லை. இதை எழுதும்போதுகூடப் பிழைகளைத் திருத்துவது என் மகள்தான். அவள் ரீச்சர். "அப்பா, இதில் ஒரு வரியாவது உண்மையா?" என்று கேட்டாள். வாசித்து முடித்துவிட்டுக் கேள் என்றேன்.

சண்டைக் காலத்தில் மரம் அரிவது பயமான தொழில். மரத்துக்குள் துவக்கு ரவை இருக்கும், ஷெல் துண்டு இருக்கும். வெளியே பட்டை மூடிக்கொண்டு சாதுவாக நிற்கும். வாள் போய் முட்டினால் பல்லுப் பறக்கும். ஒருவனுக்கு அப்படித்தான் கண் போனது. அதனால் ஒவ்வொரு மரத்தையும் தட்டித் தடவிப் பார்த்துத்தான் வாளுக்குக் கொடுப்போம். நான் தட்டும்போது பக்கத்தில் யாராவது புதியவர் நின்றால், அப்படியே வயதையும் சொல்லிவிடுவேன். வெட்டிய மரம் மறுத்துப் பேசாது.

அப்படி ஒரு நாள் தட்டிக்கொண்டு நிற்கும்போது அந்தச் சேர் வந்தார். கொழும்பில் கம்பசில் படிப்பிக்கிறவர். கண்ணாடி போட்ட, மெலிந்த ஆள். பூர்வீகம் யாழ்ப்பாணம் என்பது வாயைத் திறந்ததும் தெரிந்தது. என்னைவிட நாலைந்து வயது இளமை. எங்கள் பக்கத்தில் பழைய தேக்கு எங்கெங்கே நிற்கிறது, காட்டித் தர யாராவது இருக்கிறார்களா என்று முதலாளியிடம் கேட்டார். முதலாளி ஏறாவூர் முஸ்லிம், காக்கா என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனிதர். என்னை நன்றாகத் தெரிந்தவர்.

"மரத்தப் பத்தி இவனுக்குத் தெரியும் சேர். ஆனா இவன் சொல்றதில பாதிய வெட்டிப்போட்டு, மிச்சத்திலயும் பாதியத்தான் நம்போணும்."

"காக்கா சும்மா பகிடி விடுறார் சேர்" என்றேன். "நான் தட்டினா மரம் வயசு சொல்லும்."

சேர் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பிடித்தது, அதுதான் என்னைக் கெடுத்தது. "அப்ப உங்களைத்தான் அண்ணை நான் தேடினது" என்றார்.

அவர் செய்யப் போவதை அன்றைக்கே சொன்னார். மழைக் காலத்தில் மரம் பெருக்கும். மழையில்லாத காய்ச்சலில் இலையைக் கொட்டிவிட்டு இறுகும். இறுகிய இடம் உள்ளே ஒரு கோடாக நிற்கும். வருசத்துக்கு ஒரு கோடு. மழை நன்றாகப் பெய்த வருசம் கோட்டுக்குக் கோடு இடைவெளி அகலம். மழை பொய்த்த வருசம் நெருக்கம். நெருப்புப் பட்டால் கறுப்புத் தழும்பு. இப்படிப் பார்த்து, ஆள் எழுதி வைக்காத பஞ்சத்தையும் வெள்ளத்தையும் மரத்திலிருந்து எடுக்கலாம் என்றார். பள்ளிக்கூடம் போகாத மரமே இவ்வளவு எழுதுகிறதென்றால் நானும் ஒரு நாள் எழுதலாம் என்று அன்றைக்குத்தான் நினைத்தேன். 

எங்கே போவது என்று முதலில் குறித்துக்கொள்ள வேண்டும் என்றார் சேர். நான் அன்றிரவு வீட்டில் ஒரு பிஸ்கட் பெட்டி மட்டையைக் கிழித்து, கரியால் வழி கீறினேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மரக்காலைக்காரர் வழி கீறினால் அதில் கடை, கோயில், சந்தி ஒன்றும் இராது. எல்லாம் மரம்தான். இரட்டைப் புளியில் திரும்பு, இடி விழுந்த மருதில் இறங்கு, இப்படித்தான் வண்டிக்காரனுக்கும் வழி சொல்வோம். ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு வட்டம். பருத்த மரமென்றால் வட்டத்துக்குள் இன்னொரு வட்டம். வாய்க்கால் பங்களாவில் பதினொரு தேக்கு வரிசையாக நின்றது. காக்கா கண் வைத்து வருசக்கணக்கான தேக்கு. நீர்ப்பாசனக்காரர் இருந்த பங்களா அது. பதினொன்றுக்கும் இரட்டை வட்டம் போட்டேன். அந்தப் பங்களா ஆறு வருசமாக ஆமிக் காம்பாக இருப்பது என் கைக்குத் தெரியவில்லை. கை மரத்தைத்தான் கண்டது. மட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

இரண்டு நாள் வட்டைகளுக்குள் சைக்கிளில் திரிந்தோம். வட்டை என்பது எங்கள் பக்கத்து வயல்வெளி, வரம்புக்கு மேல் வரம்பாகக் கண் முடியுமட்டும் கிடக்கும். சேரிடம் ஒரு கருவி இருந்தது. பெருவிரல் பருமன் இரும்புக் குழாய், உள்ளே ஓட்டை, நுனியில் திருகாணி மாதிரிப் பல், பின்னால் குறுக்கே ஒரு பிடி. மரத்தில் வைத்துத் திருக வேண்டும். திருகுவது என் வேலை. அது கிறீச்சிடும், நான் முனகுவேன், எது மரம் எது ஆள் என்று தெரியாது. உள்ளே போன பிறகு ஒரு தகட்டை விட்டு இழுத்தால், பென்சில் கனத்தில் நீளமாக ஒரு மரக்குச்சி வரும். சேர் அதைச் சோடா குடிக்கிற பேப்பர் குழாய்க்குள் போட்டு, மேலே நம்பர் எழுதி, வாயை ஒட்டிவிடுவார். மரம் சாகாது, ஊசி போட்ட மாதிரித்தான் என்றார்.

ஒரு குச்சியை பிளேட்டால் சீவி, எச்சில் தொட்டு, பூதக்கண்ணாடியால் பார்க்கத் தந்தார். பத்துக் கோட்டுக்கு ஒரு பென்சில் புள்ளி. உள்ளே ஓர் இடத்தில் கோடுகள் மயிர் மாதிரி நெருங்கிக் கிடந்தன.

"இது என்ன தெரியுமோ அண்ணை? சூறாவளி. கொப்பெல்லாம் முறிஞ்சு போச்சு. இலை இல்லை. சாப்பாடில்லாமல் கிடந்திருக்கு."

அந்தச் சூறாவளியில் எங்கள் வீட்டுக் கூரை போய், நாங்கள் நாலு நாள் பள்ளிக்கூடத்தில் கிடந்தோம். மரமும் பட்டினி கிடந்ததென்று எனக்கு அன்றுவரை தெரியாது.

மூன்றாம் நாள் திரும்பி வரும்போது பங்களாவைக் கடக்க வேண்டும். போகும்போது வாசல் சென்றியில் காவல் நின்றவன் ஐசியை, அடையாள அட்டையை, மட்டும் பார்த்துவிட்டு விட்டான். வரும்போது வேறொருவன் நின்றான். சின்ன வயது, தோல் உரிந்த மூக்கு.

"ஐசி எடு. பேக் திற."

சேர் திறந்தார். அவன் முதலில் இரும்புக் குழாயை எடுத்தான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் ஓட்டைக்குள்ளால் என்னைப் பார்த்தான். நான் பல்லைக் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது.

"இது என்ன? துவக்கு?"

"மரம் துளைக்கிறது மாத்தயா" என்றேன்.

பிறகு பேப்பர் குழாய்களை எடுத்தான். அறுபதுக்கு மேல் இருந்தன. ஒவ்வொன்றிலும் நம்பர். ஒன்றைக் கிழித்தான். உள்ளே குச்சி, குச்சியில் பென்சில் புள்ளிகள். அவன் முகம் மாறியது. உள்ளே பார்த்துச் சத்தம் போட்டான். இன்னும் இரண்டு பேர் ஓடி வந்தார்கள். எங்கள் ஐசி இரண்டும் ஒருவனுடைய சட்டைப் பைக்குள் போனது. ஐசி இல்லாமல் அந்த நாளில் பத்து அடி நடக்க முடியாது. அதே நேரம் வாழைச்சேனை பஸ் வந்து நின்று, எல்லாரும் இறங்கி நடந்து, மறுபடி ஏறினார்கள். எனக்குத் தெரிந்த முகங்கள் நாலு இருந்தன. நாலும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு போயின. நானும் அப்படித்தான் போயிருப்பேன். அந்த வாசலால் உள்ளே போய்த் திரும்பி வராதவர்களில் இரண்டு பேரை நான் பெயரோடு அறிவேன்.

உள்ளே கொண்டுபோனார்கள். பங்களா விறாந்தையில் ஒரு பெரியவர் இருந்தார். கப்டனோ என்னவோ. தோளில் இருந்ததை எண்ண எனக்குத் துணிவு வரவில்லை. சேர் கம்பஸ் கடிதத்தைக் கொடுத்துச் சிங்களத்தில் விளக்கினார். அவர் அமைதியாகக் கேட்டார். கடிதத்தை மடித்து மேசையில் வைத்தார். 'கடிதம் யாரும் எழுதலாம்' என்று சொன்னது எனக்கே விளங்கியது. பிறகு என் பக்கம் கையைக் காட்டினார். தோல் உரிந்த மூக்குக்காரன் என் சட்டைப் பைக்குள் கை விட்டான்.

பிஸ்கட் மட்டை.

அதை அவர் விரித்தார். விரித்துக்கொண்டே விறாந்தை விளிம்புக்கு வந்தார். மட்டையைப் பார்த்தார், வெளியே பார்த்தார். உதடு அசைந்தது. சிங்களத்தில் எண்ணுகிறார். எக்காய், தெக்காய், துனாய். பதினொன்று. பதினொன்றும் இரட்டை வட்டம். நானும் அப்போதுதான் பார்த்தேன். ஒவ்வொரு தேக்கின் அடியிலும் மண்மூட்டை அடுக்கி, ஒரு காவல் நின்றது.

சேர் என்னைப் பார்த்தார். கோபமில்லை. அதைவிட மோசம். ஒன்றும் விளங்காத முகம்.

"அண்ணை, இதை எப்ப கீறினனீங்கள்?"

"மரத்தைத்தான் சேர் கீறின. சத்தியமா மரத்தைத்தான்."

பெரியவர் தமிழில் கேட்டார். "இது யார் கேட்டது? யாருக்குக் குடுக்கிறது?"

பயம் வந்தால் சிலருக்கு வயிறு கலக்கும். எனக்கு வாய் கலக்கும். "ஒருத்தருக்கும் இல்ல மாத்தயா! இந்தச் சேர் பெரிய படிப்பு. எந்த மரத்தையும் துளைச்சா வயசு சொல்லுவார். ஒரு வருசம் பிசகாது. வேணுமெண்டா இஞ்ச நிக்கிற மரத்திலயே பாருங்க!"

"அண்ணை, வாயை மூடிக்கொண்டிருங்கோ" என்றார் சேர், மெல்ல. பிந்திவிட்டது.

பெரியவர் சுவரைக் காட்டினார். பங்களா திறந்த நாளில் பதித்த கல். வருசம் வெட்டியிருந்தது. அன்றைக்கே இந்தத் தேக்குகளையும் நட்டார்கள் என்று கீழே எழுதியிருந்ததாம். இங்கிலீசு எழுத்து, எனக்கு வாசிக்கத் தெரியாது, சேர் வாசித்துவிட்டார். பெரியவர் அந்தக் கல்லுக்கு முன்னால் ஒருவனை நிறுத்தி மறைத்தார். பிறகு சேரிடம் சொன்னார். சேர் எனக்குச் சொன்னார்.

"கல்லைப் பார்க்காமல், மரத்தைத் துளைச்சு எண்ணட்டாம். சரியெண்டால் போகலாம். பிழையெண்டால், நான் படிக்கிற ஆளில்லை, வேற ஆளாம்."

"கல்லைத்தான் வாசிச்சிட்டீங்களே சேர். அதையே சொல்லுங்க!"

"கீழ இருந்ததைத்தான் வாசிச்சனான். நம்பரைப் பார்க்க முந்தி மறைச்சிட்டாங்கள்."

வாய்க்கால் ஓரமாக நின்ற ஏழாவது மரத்தைக் காட்டினார்கள். அடியில் துளைத்தால்தான் முழு வயதும் வரும் என்று சேர் முழங்காலில் நின்று இடம் பார்த்தார். நான் திருகினேன். மூன்று நாளில் அறுபது மரம் திருகிய கை, அன்றைக்குப் பிடியில் நழுவியது. வியர்வை. பின்னால் ஒருவன் துவக்கை என் முதுகுக்கு நேரே பிடித்திருந்தான். குழாய் போகப் போக நான் ஒன்றைத்தான் வேண்டினேன், இந்த மரத்துக்குள் ரவை இருக்கக் கூடாது. குழாய் முறிந்தால் அதோடு எல்லாம் முடிந்தது.

முறியவில்லை. குச்சி வந்தது. மரத்தின் மையத்தில் இருக்கிற நடுச்சோற்றையும் தொட்டு வந்தது. விறாந்தைக்குத் திரும்பி வந்து சேர் அதைச் சீவினார். பிளேட் வழுக்கிக் கொஞ்சம் விரலையும் சீவியது. ரத்தத்தைச் சப்பிவிட்டு, பூதக்கண்ணாடியை வைத்து, பென்சிலால் புள்ளி வைத்து எண்ணினார். ஒரு தடவை. மறுபடி ஒரு தடவை. மூன்றாவது தடவை எண்ணும்போதே அவருடைய காது வெளுத்துவிட்டது.

"எத்தினை சேர்?"

"நாற்பத்துநாலு."

பெரியவர் மறைத்து நின்றவனை விலக்கினார். தன் விரலை மடித்துக் கணக்குப் பார்த்தார். சேரிடம் சிங்களத்தில் சொல்லிவிட்டு, எனக்கும் விளங்கட்டும் என்று தமிழில் சொன்னார்.

"இருபத்தாறு."

பதினெட்டு வருசப் பிழை. நான் வேம்பைத் தட்டிச் சொன்னதைவிட இது கொஞ்சம் பரவாயில்லை என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நேரத்திலும் வந்தது, என் மண்டை அப்படி.

பெரியவர் கோபப்படவில்லை. ஒரு பேப்பரை எடுத்து எழுதத் தொடங்கினார். அவர் எழுதுவதைப் பார்த்ததும் சேர் கையைக் கூப்பினார். படித்த மனிதன், நேற்று முழுக்க எனக்குத் தண்ணீர் போத்தலைத் தந்துவிட்டுத் தான் மிச்சத்தைக் குடித்தவர், கையைக் கூப்பிச் சிங்களத்தில் என்னென்னவோ சொன்னார். அதில் 'அம்மா' என்று ஒரு சொல் வந்தது. அது இரண்டு பாசையிலும் ஒன்றுதான்.

நான் குச்சியைப் பார்த்தேன். வேறென்ன செய்வது. பூதக்கண்ணாடி கீழே கிடந்தது, எடுத்து வைத்துப் பார்த்தேன். மரத்தைக் கோட்டுக் கோடாக எண்ண எனக்குப் பழக்கமில்லை. எனக்குத் தெரிந்த எண்ணிக்கை வேறு. எங்கள் ஆட்கள் பிள்ளை பிறந்ததையும் வேளாண்மையை வைத்துத்தான் சொல்வார்கள். ரெண்டு வேளாண்மைக்கு முந்தி என்றால் ஒரு வருசம். மாரியில் ஒன்று, வாய்க்கால் தண்ணீரில் கோடையில் ஒன்று. மாரி வெட்டும்போது வாய்க்காலை அடைப்பார்கள், வயல் காய வேண்டுமே. கோடை வெட்டும்போது மறுபடி அடைப்பார்கள்.

அந்தக் கோடுகள் சோடி சோடியாக இருந்தன. ஒரு அகலம், ஒரு ஒடுக்கம். ஒரு அகலம், ஒரு ஒடுக்கம்.

"சேர்!" என்று கத்திவிட்டேன். துவக்கு முதுகில் முட்டியது. "சேர், இது வாய்க்கால் மரம் சேர். இது ரெண்டு போகம் தின்னுற மரம்!"

"என்ன சொல்லுறியள்?"

"வானம் பாத்த மரத்துக்கு வருசத்துக்கு ஒரு காய்ச்சல். இதுக்கு ரெண்டு. மாரி வெட்டுக்கு வாய்க்கால அடைக்கக்குள்ள ஒருக்கா இறுகும். கோடை வெட்டுக்கு அடைக்கக்குள்ள மறுகா ஒருக்கா இறுகும். வருசத்துக்கு ரெண்டு கோடு!"

சேர் குச்சியைப் பறித்து வாங்கினார். மூக்கு முட்டப் பார்த்தார். பிறகு அவசரமாகப் பெரியவரிடம் சொன்னார். பெரியவர் எழுதுவதை நிறுத்தினார். ஒரு கேள்வி கேட்டார். சேரின் முகம் மறுபடி விழுந்தது.

"இரண்டு இரண்டெண்டால் ஐம்பத்திரண்டு வரவேணும். எட்டுக் குறையுது எண்டு கேக்கிறார்."

கெட்டிக்காரன். எனக்குக் கழித்தல் வராது, அவருக்கு வந்தது. நான் நடுச்சோற்றிலிருந்து நகத்தை வைத்துச் சோடி சோடியாக வந்தேன். ஒன்று, இரண்டு, எட்டுச் சோடி. எட்டாவதுக்கு அடுத்து மயிர்க் கோடு இரண்டு, தனித்தனி.

"சூறாவளி" என்றேன். "வாய்க்கால் கட்டு உடைஞ்சு போச்சு. ரெண்டு கோடைக்குத் தண்ணி இல்ல. திருத்தின ஆக்களில என்ட அப்பாவும் ஒருத்தர். இதில ரெண்டு குறையும்."

சேர் அதைச் சொன்னார். பிறகு மறுபடி சோடி, பத்து. அதன் பிறகு பட்டைக்குப் பக்கத்தில் கோடுகள் தனியாகிவிட்டன. ஒடுங்கி, ஒவ்வொன்றாக. என் நகம் அங்கே நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து, ஆறு.

ஆறு. எனக்கு உடனே விளங்கியது. சேருக்கும் விளங்கியது, அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வையில் தெரிந்தது. வேண்டாம் என்று தலையை ஒரு இம்மி அசைத்தார்.

பெரியவர் கேட்டார். "இது ஏன் ஒண்டு ஒண்டு?"

நான் சேரைப் பார்த்தேன். சேர் நிலத்தைப் பார்த்தார். இதைச் சொன்னால்தான் கணக்குச் சரி வரும். சொன்னால் என்ன வரும் என்று தெரியாது. வாயை மூடு என்று வாழ்நாள் முழுக்க எல்லாரும் சொன்ன வாய், அந்த ஒரு தடவை தானாக மூடிக்கொண்டது.

"ஏன் ஒண்டு?" மறுபடி கேட்டார்.

"ஆறு வருசமா கோடைக்கு வாய்க்கால்ல தண்ணி வரல்ல மாத்தயா."

"ஏன் வரல்ல?"

தேக்கு வரிசையின் முடிவில், முள்ளுக்கம்பிக்கு இந்தப் பக்கம், மடைக் கதவு நின்றது. சக்கரப் பிடி துருவேறிச் சிவந்திருந்தது. அதன் மேல் ஒருவனுடைய சட்டை காய்ந்துகொண்டிருந்தது.

"கதவு உள்ள இரிக்கி மாத்தயா" என்றேன். "நாங்க வெளிய இரிக்கம்."

சேர் அதை மொழிபெயர்க்கவில்லை. பெரியவர் அவரைப் பார்த்தார். சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், பிறகு ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். கூட்டியோ குறைத்தோ சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. பிறகு கேட்டபோது, 'நீங்கள் சொன்னதைத்தான் சொன்னனான் அண்ணை, வேற வசனம் வரேல்லை' என்றார்.

தோல் உரிந்த மூக்குக்காரன் ஒரு அடி முன்னால் வந்தான். பெரியவர் கையைக் காட்டி அவனை நிறுத்தினார். குச்சியைக் கேட்டு வாங்கினார். பூதக்கண்ணாடியையும் வாங்கினார். வெளிச்சத்துக்குப் போய், முதுகை எங்களுக்குக் காட்டிக்கொண்டு நின்றார். கடைசியில் தன் பெருவிரல் நகத்தால் பட்டைப் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தட்டி எண்ணுவது தெரிந்தது. ஆறோடு நகம் நின்றது. மறுபடி ஒரு தடவை எண்ணினார். அவர் அந்தக் காம்புக்கு வந்தே ஏழு மாதம்தானாம், அது பிறகு தெரிந்தது. தனக்கு முந்தி அந்தக் காம்பில் இருந்த ஐந்து பெரியவர்களையும் சேர்த்து எண்ணியிருப்பார்.

திரும்பி வந்து, எழுதிய பேப்பரை இரண்டாகக் கிழித்தார். பிஸ்கட் மட்டையையும் கிழித்தார். கருவியும் குழாய்களும் பேக்குக்குள் திரும்பிப் போயின. அந்த ஒரு குச்சியை மட்டும் மேசை லாச்சிக்குள் வைத்துக்கொண்டார். ஒரு ஐசியைச் சேரிடம் நீட்டினார்.

"நீ போ."

சேர் போகவில்லை. "இவர்?" என்று என்னைக் காட்டினார். அந்த ஒரு சொல்லுக்காக அவரை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"இவன் பிறகு."

வாசலுக்கு வெளியே சேர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றார். போகச் சொல்லியும் போகாமல் நின்றார். சேர் தப்பிவிட்டார் என்று என் நெஞ்சு ஒரு பக்கம் இறங்கியது, மறுபக்கம் ஏறியது. என் ஐசி மேசையில் கிடந்தது. பெரியவர் அதன் மேல் கையை வைத்துக்கொண்டு மடைக் கதவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உனக்கு அந்தக் கதவு திறக்கத் தெரியும்?"

மடைக் கதவுச் சக்கரத்தை நான் வாழ்நாளில் தொட்டதில்லை. வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடுகிற வட்டை விதானை தவிர வேறு யாரும் தொடக் கூடாது, தொட்டால் அடி விழும். எந்தப் பக்கம் திருப்பினால் ஏறும், எந்தப் பக்கம் திருப்பினால் இறங்கும் என்றுகூடத் தெரியாது.

"தெரியுமாவோ!" என்றேன். "வாவிக்கு இந்தக் கரையில மடை திறக்கிறதில என்ன வெல்ல ஆளில்ல மாத்தயா."

நடத்திக் கொண்டுபோனார்கள். முன்னால் நான், பின்னால் இரண்டு துவக்கு, அதற்குப் பின்னால் பெரியவர். காய்ந்த சட்டையை ஒருவன் எடுத்தான். கதவுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் நெஞ்சளவு முட்டி நின்றது. இந்தப் பக்கம் வாய்க்காலில் எருக்கலை முளைத்துக் கிடந்தது. சக்கரத்தில் இரண்டு கையையும் வைத்தேன். துரு உள்ளங்கையில் ஒட்டியது. இடது பக்கமா, வலது பக்கமா? வாசலில் சேர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணை மூடிக்கொண்டு, மூச்சைப் பிடித்து, இடது பக்கமாக ஒரு

"இஞ்சாருங்க! எழுதினது காணும், ஒழும்புங்க! வாய்க்கால்ல தண்ணி வந்திட்டு, நம்மட முறை! மேல் வயல்காரன் வரம்ப வெட்டிப்போடுவான், மம்பட்டிய எடுத்திட்டுக் கெதியா வாங்க!"

மனிசி கத்துகிறாள். வாறன் புள்ள, வாறன்.